கொல்லைப்புற வழியில் ஒரு சாம்பியன்

கல்லூரியில் கொல்லைப்புற வழி என்றதும் நமக்குச் சிபாரிசும் நன்கொடையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதற்கு வேறு பொருள். அங்கே அது கூடைப்பந்து உத்தி. பந்தை வாங்க வெளியே வருவது போல் ஓர் ஆட்டக்காரர் பாவனை செய்வார். தடுப்பவர் ஏமாந்து முன்னே வந்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் புகுந்து கூடையை நோக்கிப் பாய்வார். பந்து சரியாக அங்கே வந்து சேரும்.

1996 மார்ச் 14 அன்று இண்டியானாபோலிஸில் அப்படித்தான் வந்து சேர்ந்தது. எதிரணி யுசிஎல்ஏ, முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். ஸ்கோர் 41-41. ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. ஸ்டீவ் குட்ரிச் தந்த பந்தை முதலாண்டு மாணவர் கேப் லூயிலிஸ் கூடையில் போட்டார். 43-41. சாம்பியன் வெளியேறினார்.

நாடு முழுவதும் பேசியது இந்த ஒரு கூடையைத்தான். ஆனால் பிரின்ஸ்டனின் பெரிய சாதனை, அதிகம் பேர் எட்டிப்பார்க்காத ஐவி லீக்கில் இருந்தது.

அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் 350க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள், அந்த நாளைய ரஞ்சிக் கோப்பை மண்டலங்களைப் போலப் பல லீக்குகளாகப் பிரிந்திருக்கின்றன. லீக் சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் இடம் நிச்சயம். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு பல்கலைக்கழகங்கள் கொண்டது ஐவி. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்து மற்ற மாணவர்களுக்குத் தருவதே ஆட்டக்காரருக்கும். எனவே நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

மிஞ்சியவர்களை வைத்து வென்றவர் பீட் காரில். ஸ்பெயினிலிருந்து குடியேறிய இரும்பாலைத் தொழிலாளியின் மகன். 1967 முதல் 1996 வரை 29 பருவங்கள் பிரின்ஸ்டனின் பயிற்சியாளர். உயரமும் வேகமும் குறைந்தவர்களுக்கு அவர் பொறுமையைக் கற்றுத் தந்தார். ஐந்து பேரும் பந்தைக் கடத்திக்கொண்டே இருப்பார்கள். எதிரணி சலித்து ஒரு தப்பு செய்யும்வரை. வெற்றிகள் 514. ஐவி பட்டங்கள், பகிர்ந்துகொண்டதையும் சேர்த்து, 13.

இதில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. 1963 முதல் 2007 வரையிலான 45 பருவங்களில் 43இல் இந்த இரண்டில் ஒன்று பட்டத்தை வென்றது அல்லது பகிர்ந்துகொண்டது. இடையில் நுழைந்தவை 1986இல் பிரவுன், 1988இல் கார்னெல். மற்ற ஆறு அணிகளுக்கு அலுத்திருக்கும். ஆனால் சமபலமுள்ள பகையாளி இருந்ததால்தான் இரண்டும் கூர்மை கெடாமல் இருந்தன.

வெளியுலகம் இதை மதித்ததா? 1989இல் சிறிய லீக்குகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம் எதற்கு என்ற கேள்வி எழுந்திருந்தது. அந்த ஆண்டு பிரின்ஸ்டன், முதல்நிலை அணியான ஜார்ஜ்டவுனிடம் 49-50 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியின் சத்தம் குறைந்தது.

1993 முதல் 1995 வரை பென்சில்வேனியா 42 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1996இல் இரு அணிகளும் சமநிலையில் முடிக்க, பட்டத்தைத் தீர்மானிக்க ஒரு கூடுதல் ஆட்டம் தேவைப்பட்டது. இடம் பெத்லஹேம்; காரில் பிறந்து வளர்ந்த ஊர். கூடுதல் நேரம்வரை போய் 63-56 என்று பிரின்ஸ்டன் வென்றது. உடை மாற்றும் அறைக்கு வந்த காரில், தாம் ஓய்வுபெறுவதைப் பலகையில் எழுதினார். ஐந்து நாள் கழித்து வந்ததுதான் யுசிஎல்ஏ வெற்றி. அந்த ஒரு லீக் ஆட்டம் கைநழுவியிருந்தால், புகழ்பெற்ற அந்தக் கூடையே விழுந்திருக்காது.

காரில் 2022இல் 92வது வயதில் மறைந்தார். மறு ஆண்டே பிரின்ஸ்டன், அரிசோனாவையும் மிசௌரியையும் வீழ்த்தித் தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளில் ஒன்றானது. பயிற்சியாளர் மிட்ச் ஹெண்டர்சன், 1996 அணியில் ஆடியவர்.

ஆனால் ஆடுகளத்துக்கு வெளியே விதிகள் மாறிவிட்டன. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் ஒரு நீதிமன்ற சமரசம், பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டது. ஐவி அதில் சேரவில்லை. அதே ஆண்டு பிரின்ஸ்டனின் முன்னணி ஆட்டக்காரர் ஷேவியன் லீ, தேசிய சாம்பியனான புளோரிடாவுக்கு மாறினார். அவரைக் குறைசொல்ல முடியாது. உழைப்புக்கு விலை கேட்பது தப்பில்லை.

காரிலின் முறைக்குத் தேவைப்பட்டது நாலு வருடம் ஒன்றாக ஆடிப் பழகிய ஐந்து பேர். பணத்தைவிட இப்போது அரிதாகிவருவது அதுதான். அன்று எதிரணிக்குத் தெரியாமல் உள்ளே நுழைய உதவிய கொல்லைப்புறக் கதவு, இன்று வெளியே போகவும் திறந்திருக்கிறது.