"செட் ஆகாது"ன்னு நல்ல காலேஜை விடாதீங்க (த்ரெட்)

கவுன்சலிங் சீசன் ஆரம்பிச்சா இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "டாக்டர், பொண்ணுக்கு நல்ல காலேஜ் கிடைக்கும் போல. ஆனா அங்க வர்ற பிள்ளைங்க வேற மாதிரி. நம்ம பொண்ணுக்கு செட் ஆகுமா?"

கேக்குறது எல்லாம் எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆளுங்க. அண்ணா நகர்ல இருந்து ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை.

நான் சடையங்குப்பம். பூண்டி ஏரியைத் திறந்தா கொசஸ்தலை ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வர்ற ஊரு. நான் படிச்சதும் சென்னைக்குள்ளதான், வீட்டுல இருந்து ரெண்டு பஸ். காலேஜ் பேர் வேணாம்.

ஹாஸ்டல்ல முதல் வாரம் கால் சுளுக்கிச்சு. "நோவுது"ன்னேன். ஒரு வருஷம் என் பேரே 'நோவு'. அம்மா போன் பண்ணா வராண்டா கடைசிக்குப் போய் மெதுவா பேசுவேன், எவனும் கேட்டுடக் கூடாதுன்னு. அதை நினைச்சாதான் இன்னைக்கும் கூசுது.

அப்புறம் வார்டு போஸ்டிங். ஒரு பெரியவர் சொல்றாரு: "மாரு நோவுது சார். படுக்க முடில. ரா முச்சூடும் குந்திக்கினே தூங்குறேன்." சிரிச்ச பசங்க என்னைப் பாக்குறானுங்க. "என்னடா சொல்றாரு?"

படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாத்தான் தூக்கம். இதயம் தளர்ந்து போனதுக்கு முக்கியமான அறிகுறி. புத்தகத்துல 'ஆர்த்தாப்னியா'. எங்க தெருவுல 'குந்திக்கினு தூங்குறது'. (நோவும் நோயும் ஒரே வேர்ச்சொல்தான், தமிழ் வாத்தியாரைக் கேளுங்க.)

எல்லாம் தானா சரியாயிடும்னு கதை விடல. பாகுபாடு நிஜம். 2007ல தோரட் கமிட்டி டெல்லி எய்ம்ஸைப் பத்தி அறிக்கை கொடுத்துச்சு. பட்டியலின, பழங்குடி மாணவர்களைத் தொந்தரவு பண்ணி, ஹாஸ்டல்ல குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒதுங்க வச்சதா அதுல இருக்கு. இதுல யாரு திருந்தணும்? அந்தப் பசங்களா? 'செட் ஆகுமா'ங்கிற பரீட்சையை மட்டும் எப்பவும் நம்ம பிள்ளைங்கதான் எழுதணுமா?

வேற கேள்வி கேளுங்க. ஹாஸ்டல் செலவு எவ்வளவு? ராகிங் புகாரை யார்கிட்ட கொடுக்கணும்? தமிழ்நாட்டுல 1997லயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு, பொறுத்துக்கிட்டுப் போக வேண்டியதில்ல. ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? மருத்துவத்துக்கு 2020ல இருந்தும், இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கு 2021ல இருந்தும் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்ந்தா படிப்பு, விடுதிக் கட்டணம் அரசு கட்டும். தெரியாம பயந்து சீட்டை விட்டவங்களைப் பாத்திருக்கேன், வயிறு எரியுது.

வீட்ல அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடுது, கூட இருக்கணும்னா பக்கத்துக் காலேஜ் எடுங்க. அது நியாயமான காரணம். 'அவங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க'ங்கிறது காரணமே இல்ல.

சாய்ஸ் லிஸ்ட்ல அந்தக் காலேஜைக் கீழ தள்ளியிருந்தா, லாக் பண்றதுக்குள்ள மேல ஏத்துங்க. டவுட் இருந்தா டிஎம் பண்ணுங்க. டூட்டி முடிஞ்சு ராத்திரி பதில் போடுறேன்.