பாறின் கையிலும் நூல் கொடுங்கள்

காட்டின் உணவு வலையைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு நூல்கண்டு விளையாட்டு உண்டு. வட்டமாக நிற்கும் பிள்ளைகளில் ஒருவர் புல், ஒருவர் புள்ளிமான், ஒருவர் புலி. யாரை யார் தின்கிறாரோ அவர் கைக்கு நூல் போகும். அருமையான விளையாட்டு. ஆனால் பெரும்பாலும் புலியின் கைக்கு வந்ததும் நூல் நின்றுவிடுகிறது. புலி தின்று மிச்சம் வைத்த மான் என்ன ஆகிறது? செத்த புலி என்ன ஆகிறது? பாடத்தை அங்கிருந்து தொடங்கவேண்டும் என்பேன்.

நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லி நாம் முகம் சுளிக்கும் பறவைதான். செத்த மாட்டின்மேல் ஒரு கூட்டம் இறங்கினால் சிறிது நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அழுகலில் இருக்கும் நோய்க்கிருமிகள் பல, பாறின் இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். இவ்வளவு பெரிய துப்புரவு வேலையை நமக்குக் கூலியில்லாமல் செய்துதருகிறது.

பாறுகளை வீழ்த்திய மருந்து காட்டுக்கு வெளியே, தொழுவத்தில் இருந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். 1990களில் தொடங்கி இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டன. செத்த மாடுகள் கிடந்து அழுக, அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. காரணம் 2004இல்தான் உலகுக்குத் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். அப்போதும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகச் சுருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை, போன வேகத்தில் எப்படித் திரும்பி வரும்?

ஆசிரியர்களே, அடுத்தமுறை ஒரு பிள்ளையைப் பாறாக நிறுத்துங்கள். சாணி வண்டுக்கும் கரையானுக்கும் காளானுக்கும் இடம் கொடுங்கள். இன்னொரு பிள்ளை மாடு, இன்னொரு பிள்ளை மாட்டு டாக்டர். டாக்டரிடமிருந்து மாட்டுக்கும், மாட்டிடமிருந்து பாறுக்கும் நூல் போகட்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மசினகுடிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த மாடு பாடப்புத்தகத்து மாடாக இருக்காது. வீட்டில் கட்டியிருக்கும் மாடாகவே இருக்கும். பாறுக்குக் கேடு செய்யாத மெலோக்சிகாம் என்ற மாற்று மருந்தின் பெயரையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். வீட்டு மாடு நோயில் படுக்கும் நாளில், எந்த ஊசி போடுகிறீர்கள் என்று அந்தப் பிள்ளை டாக்டரைக் கேட்கும்.