லோயஸ்ட் கொட்டேஷனில் ஓடும் சக்கரம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற பையனோ பெண்ணோ இருந்தால், ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள். '6205-2ஆர்.எஸ்.-சி3' என்றால் என்ன?

தலையைச் சொறிந்தால் திட்டாதீர்கள். தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை.

அது ஒரு பேரிங்கின் பெயர். முதலில் இருக்கும் 6, ஒரே வரிசையில் குண்டுகள் ஓடும் பால் பேரிங் என்று சொல்கிறது. கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்துளை 25 மி.மீ. '2ஆர்.எஸ்.' என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. 'சி3' என்றால் உள்ளே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. சூட்டில் விரிந்தாலும் இறுகாது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கும் பையன் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்தவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

சொல்லக்கூடிய ஒரு சின்னக் கூட்டம் காலேஜிலேயே உண்டு. ரேஸ் கார் கட்டுகிறவர்கள்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆரம்பித்த போட்டி இது. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே வெல்டிங் வைத்து, மாணவர்களே ஓட்டும் ஒற்றை இருக்கை கார். நம் ஊரிலும் 'ஃபார்முலா பாரத்' என்ற பெயரில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கிறது. வேகமாக ஓட்டினால் மட்டும் கப் கிடையாது. மொத்தம் 1000 மதிப்பெண்ணில் வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100. "ஏன் இந்த பேரிங்? ஏன் இதைவிடச் சின்னது போடவில்லை? என்ன விலை?" என்று நடுவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். எந்த செமஸ்டர் பரீட்சையிலும் கேட்காத கேள்விகள்.

ஆனால், அந்த பேரிங்கை வாங்குவதற்குள் பிள்ளைகள் படுகிற பாடு இருக்கிறதே!

ரேஸ் காரில் ஒவ்வொரு கிராமும் கணக்கு. அதனால் சக்கரத்துக்கு மெல்லிசான பேரிங் தேடுகிறார்கள். உதாரணமாக, 61814. உள்துளை 70 மி.மீ., அகலம் 10 மி.மீ.தான். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வேண்டும். பம்புசெட்டுக்கும் பைக்குக்கும் ஓடுகிற சரக்கு எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். இது சுலபத்தில் கிடைக்காது. "வரவழைக்கணும்பா. எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்பார் டீலர். எட்டே எட்டு பீஸுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

அவரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தால், அடுத்து காலேஜ் ஆபீஸ். "மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வா. எது கம்மியோ அதுக்குத்தான் செக்."

முதல் இரண்டு கொட்டேஷனிலும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. மூன்றாவதில் பாதி. ஆபீஸுக்கு ஒரே சந்தோஷம். ஒரிஜினல் எப்படி ஐயா பாதி விலைக்கு வரும் என்று கேட்க அங்கே ஒரு ஆள் கிடையாது.

போலி பேரிங் என்பது பெரிய வியாபாரம். பழைய பேரிங்கைக் கழுவி, பாலிஷ் போட்டு, பிரபல கம்பெனி பெயரைப் பொறித்து, அச்சு அசலான டப்பாவில் போட்டு விற்கிறார்கள். தொல்லை தாங்காமல் கம்பெனிகளே, அசலா போலியா என்று சரிபார்க்க செல்போன் செயலிகள் வெளியிட்டிருக்கின்றன.

போலியென்றால் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். பால் பேரிங்கில் பளு இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால், கேட்லாகில் போட்டிருப்பதில் பாதி பளுவைத்தான் தாங்கும் என்ற பேரிங்கும் எட்டில் ஒரு பங்கு காலம்தான் உழைக்கும். பிள்ளைகள் ராத்திரியெல்லாம் விழித்துப் போட்ட கணக்கெல்லாம் கேட்லாக் எண்ணை நம்பிப் போட்டது. டப்பாவுக்குள் இருப்பது வேறு என்றால் அத்தனையும் குப்பை. வளைவில் பேரிங் உடைந்தால் சக்கரம் ஆடும், இறுகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது இருபது வயதுப் பிள்ளை.

"இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு சார்? ஒழுங்கா படிச்சு, ஐ.டி.யில வேலைக்குப் போகட்டுமே" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊர். அங்கே ஒரு பஞ்சாலையில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினீயர். ஊர் களிமண் பூமி. தரை இறங்க இறங்க ஷாஃப்ட் கோணிக்கொள்ளும், பேரிங் உடையும். மாற்று பேரிங் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை மெஷின் நிற்கும். காத்திருந்து வெறுத்துப்போன மனிதர், ஷாஃப்ட் கோணினாலும் கூடவே வளைந்துகொடுக்கும் பேரிங்கைத் தானே வடிவமைத்தார். மில் முதலாளிகள் அவரிடம் மூணு கொட்டேஷன் கேட்கவில்லை. பணம் போட்டார்கள். 1907-ல் பிறந்தது எஸ்.கே.எஃப். அதன் வயிற்றில் பிறந்ததுதான் வால்வோ. அந்தப் பெயருக்கு லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று அர்த்தம். முதலில் ஒரு பேரிங்குக்கு வைக்க நினைத்த பெயர்! ஆக, பேரிங் தேடி அலைவது எடுபிடி வேலை அல்ல. அதுவும் இன்ஜினீயரிங்தான்.

மாணவர்களையும் விட்டுவிட முடியாது. கம்ப்யூட்டரில் அழகான படம் வரைந்துவிட்டு, அப்புறம் பேரிங் தேடிக் கிளம்புகிறார்கள். தலைகீழ்! எது கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அதைச் சுற்றிப் படம் வரைய வேண்டும். கரி ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கோவை கரிவரதன் என்ன செய்தார்? இங்கே கிடைத்த மாருதி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார்.

நான் கேட்பது அதிகமில்லை.

1. பேரிங், பிரேக், சீட் பெல்ட், ஹெல்மெட் இவற்றுக்கு லோயஸ்ட் கொட்டேஷன் விதி வேண்டாம். கம்பெனி அங்கீகரித்த டீலரின் பில் போதும்.

2. பணத்தை, போட்டிக்கு முந்தின மாசம் கொடுக்காமல், டிசைன் முடிவாகும்போதே கொடுங்கள்.

3. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்து 'நடைமுறை அறிவு இல்லை' என்று உதட்டைப் பிதுக்கும் கம்பெனிகளே, மாணவர்களுக்கு எட்டு பேரிங் சில்லறையாக விற்க உங்கள் டீலர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

4. மாணவர்களே, பில் இல்லாத பேரிங்கைத் தொடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் காரை ஓட்டாதீர்கள். போட்டி அடுத்த வருஷமும் வரும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. அட்மிஷனுக்குப் போகும்போது "பிளேஸ்மென்ட் எவ்வளவு?" என்றுதானே முதலில் கேட்கிறீர்கள்? இந்த முறை அதோடு இதையும் கேளுங்கள்: "உங்க காலேஜ்ல ஒரு ஸ்டூடன்ட் பேரிங் வாங்கணும்னா என்ன புரொசீஜர் சார்?"

வருகிற பதிலை வைத்தே அந்தக் காலேஜில் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிடலாம்.