இரவின் வெப்பத்தையும் கணக்கில் கொள்வோம்

பகல் வெயிலுக்குத் தரும் அக்கறையைப் பயிர் ஆராய்ச்சி இரவு வெப்பத்துக்கும் தர வேண்டும். செடியிலுள்ள பைட்டோகுரோம் பி என்ற புரதம் சிவப்பு ஒளி பட்டதும் செயல்பட்டுத் தண்டின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது. இருளில் மெல்லச் செயலிழக்கிறது. வெப்பம் கூடினால் அந்தச் செயலிழப்பு விரைவடைந்து தண்டு நெடுநெடுவென வளர்கிறது. ஒளியை உணரும் புரதமே வெப்பத்தையும் உணர்கிறது என 2016இல் இரு ஆய்வுகள் நிறுவின.

அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டது வயலுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஆனால் நெல்லிலும் இப்புரதம் உண்டு. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் வறண்ட பருவ விளைச்சல் 10 சதவீதம் குறைவதாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இழப்புக்கு இப்புரதமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் புதிய ரகங்களை ஒளியோடு இரவு வெப்பத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.