வெட்கம் வேண்டாம், போனை எடுங்கள்!

முன்பெல்லாம் திருடன் சுவர் ஏறி வருவான். நாய் குரைக்கும். வீட்டுக்காரர் கூச்சல் போடுவார். நாலு பேர் ஓடி வருவார்கள்.

இப்போது சட்டைப் பையில் இருக்கும் போன் வழியாகவே வந்து விடுகிறான். அதுவும் போலீஸ் உடுப்பில் வருகிறான்!

மாம்பலத்தில் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். காலையில் போன் அடிக்கிறது.

"சார், உங்க பேர்ல போன பார்சல்ல போதைப் பொருள் இருக்கு. உங்க ஆதார் நம்பர் எங்க கையில இருக்கு. பெரிய அதிகாரி பேசுவார், லைன்லயே இருங்க" என்கிறது ஒரு குரல்.

அடுத்து வீடியோவில் காக்கிச்சட்டை தெரிகிறது. "கதவைச் சாத்துங்க. வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கணக்குல இருக்கிற பணத்தை சோதனைக்கு அனுப்புங்க. சரியா இருந்தா திரும்பி வந்துடும்" என்று மிரட்டல்.

பணம் போகிறது. திரும்பி வருவதில்லை. ஆசாமி கம்பி நீட்டி விடுகிறான்.

அப்படி ஒரு கைதே கிடையாது

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

கைது என்றால் போலீசார் நேரில் வரவேண்டும். காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அவன் திருடன் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனாலும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. சைபர் மோசடிகளில் நாடு முழுவதும் 2023-ல் பறிபோன பணம் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்ன கணக்கு இது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

முதல் ஒரு மணி நேரம்

பணம் போனால் அழைக்க வேண்டிய எண் 1930. இந்த ஏற்பாடு 2021-ல் தொடங்கியது. புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு தகவல் பறக்கிறது. பணம் அங்கே இருந்தால் முடக்கப்படும். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் புகாரும் பின்னாலேயே துரத்தும்.

திருடனும் சும்மா இருப்பதில்லை. பணத்தைப் பத்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏ.டி.எம்.மில் எடுத்து விடுகிறான். அதற்குப் பிறகு துரத்துவது கஷ்டம். எனவே ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "பையனுக்குத் தெரிந்தால் திட்டுவானே, மருமகள் என்ன நினைப்பாள்" என்று இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். மூன்றாம் நாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது கணக்கு துடைத்து வைத்தது போல் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். முதலில் 1930-ஐ அழையுங்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக் கொள்ளலாம்.

மற்றவர்களுக்கும் பொறுப்பு உண்டு

ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளர் தானே ஓ.டி.பி.யைச் சொல்லி ஏமாந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் அவர் தலையில். புகாருக்குப் பிறகு போனால் வங்கியின் தலையில். இதிலும் முந்துகிறவருக்கே லாபம்.

வங்கி ஊழியர்களும் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு பெரியவர் காதில் போனை வைத்தபடி, கை நடுங்க டெபாசிட்டை முறிக்க வந்தால், "யாருக்கு சார் அனுப்புறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரு குடும்பம் பிழைக்கும்.

"இது எங்க லிமிட் இல்லை" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவதும் இனி எடுபடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்கும்படி 2025 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. மேலே இவ்வளவு வேகம் இருக்கும்போது கீழே மெத்தனம் கூடாது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சில ஆயிரம் கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்கு விடாதீர்கள். திருடன் எங்கோ வெளிநாட்டில் இருப்பான். போலீசார் முதலில் தட்டுவது கணக்குக்காரர் வீட்டுக் கதவைத்தான். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை திரும்பிய சம்பவம் மறக்கக்கூடியதா?

சுவர் ஏறி வந்த திருடனைப் பார்த்துக் கூச்சல் போட அன்று யாரும் வெட்கப்பட்டதில்லை. போனில் வருகிற திருடனுக்கும் அதே கூச்சல்தான் மருந்து.

அந்தக் கூச்சலுக்கு எண் 1930!