டாக்டர்களுக்கு டேட்டா சயின்ஸ்: முதலில் எக்செல்!

பரீட்சை முடிந்து சீர்காழிக்கு வந்தாச்சு. இந்த லீவில் எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

எதிர்வீட்டு அக்கா ஒரு மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படிக்கிறார். "தம்பி, ரெண்டு நாள் டேட்டா சயின்ஸ் பயிற்சிக்குப் போனேன். பைத்தான், மெஷின் லேர்னிங், நியூரல் நெட்வொர்க்னு என்னென்னமோ நடத்தினாங்க. சர்டிபிகேட்டும் கொடுத்தாங்க. ஆனா என் தீசிஸ் ஃபைலை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியலை" என்றார்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியில் "ஆண்", அடுத்ததில் "ஆ", இன்னொன்றில் 1. வயது சில இடத்தில் 45, சில இடத்தில் "45 வயது". சர்க்கரை அளவு எடுக்காத நோயாளிகளுக்கெல்லாம் பூஜ்ஜியம்! ரத்தத்தில் சர்க்கரை பூஜ்ஜியம் என்றால் அந்த ஆள் உயிரோடு இருக்க முடியாதே அக்கா :-)

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூஜ்ஜியங்களோடு சராசரி எடுத்தால், நோயாளிகளுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரியும். அதை நம்பி நாளை யாராவது சிகிச்சையை முடிவு செய்தால்?

அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. 'செப்ட்2', 'மார்ச்1' போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். எக்செல் பட்டியல் இணைத்த மரபணுவியல் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்! அதே 2020இல் இங்கிலாந்தில், பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாததால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் விடுபட்டன.

நம்ம ஊருக்கு இதில் நல்ல பாரம்பரியம் உண்டு. 1956இல் சென்னையில் ஆரம்பித்த காசநோய் ஆய்வில், வீட்டிலேயே மருந்து சாப்பிடுவதையும் சானடோரியத்தில் தங்குவதையும் ஒப்பிட்டார்கள். வீட்டு சிகிச்சையும் அதே அளவு பலன் தரும் என்று 1959இல் வெளியான முடிவு, உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை மாற்றியது. மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. யாருக்கு எந்த சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்ததும், ஒவ்வொருவரையும் விடாமல் பின்தொடர்ந்து பதிந்ததும்தான் பலம்.

2019இல் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு கட்டாயமானது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம்தான் அதை ஆன்லைனில் நடத்துகிறது. நல்ல தொடக்கம். ஆனால் வீடியோ பார்த்துத் தேர்வு எழுதினால் மட்டும் அவரவர் ஃபைல் சரியாகிவிடாது. அடுத்த படியை யாராவது திட்டமிட வேண்டும். என் யோசனைகள்:

1. பாடத்திட்டம் போடும் முன் மாணவர்களின் ஃபைல்களை வாங்கிப் பாருங்கள் (நோயாளி பெயரை நீக்கிவிட்டுத்தான்!). எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே தொடங்குங்கள்.

2. முதல் மாதம் அட்டவணை ஒழுங்கு, விடுபட்ட தகவலைக் குறிக்கும் முறை, காப்புப் பிரதி. பிறகு இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருள். நியூரல் நெட்வொர்க் காத்திருக்கட்டும்.

3. இரண்டே நாளில் கொட்ட வேண்டாம். மொத்தத் தண்ணியையும் ஒரே நாளில் விட்டால் நாத்து அழுகிடும்னு எங்க ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாரம் இரண்டு மணி நேரம், மூன்று மாதம், முறை வைத்து விடுங்கள்.

4. புள்ளியியல் படிக்கும் எங்களையும் வார்டுக்குக் கூட்டிப் போங்கள். அந்த எண் எப்படி எடுக்கப்படுகிறது என்று நாங்களும் பார்க்கணும்.

"இப்பதான் ஏஐ வந்துடுச்சே, அது பார்த்துக்காதா?" என்பீர்கள். சந்தேகமான எண்ணை அது சுட்டிக்காட்டலாம். ஆனால் அங்கே ஏன் பூஜ்ஜியம் போட்டார்கள் என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அக்காவும் நானும் உட்கார்ந்து, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பூஜ்ஜியமாக நீக்கினோம். சராசரி சட்டென்று ஏறியது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்கலாம்ல?" என்றார்.

அதேதான் என் கேள்வியும். நீங்க என்ன நினைக்கறீங்க?