நெடுந்தீவுக் குதிரையும் நம் கல்வியும்

யாழ்ப்பாணத்தார்க்குக் குதிரை அயலான பிராணியன்று. மாவிட்டபுரம் என்னும் பெயரே குதிரைமுகம் நீங்கிய கதையைச் சொல்லி நிற்கிறது. சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடித் தன் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்னும் ஐதிகத்தை நம்மூர்க் குழந்தையும் அறியும். திருவாதவூரர் பாண்டியன் கொடுத்த பொன்னைக் கொண்டு குதிரை வாங்கப் போய்த் திருப்பெருந்துறையிற் குருவைக் கண்ட வரலாறும், நரிகள் பரிகளான திருவிளையாடலும் நமது பாடசாலைகளிற் சமயபாடமாகப் படிப்பிக்கப்படுவன. வேட்டைத் திருவிழாவன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுங் காட்சியைக் காணாதார் நம்மிடையே மிகச் சிலரே. இத்தனையிருந்தும், உயிருள்ள குதிரையொன்று நம்முன் வந்து நின்றால் அதனை எப்பக்கத்தால் அணுகுவது, அதன் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பது எவ்வாறு, அது காதைப் பின்னே மடித்தால் யாது பொருள் என்பவற்றை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்? மரக்குதிரையை அறிந்த அளவுக்கு நாம் உயிர்க்குதிரையை அறியோம்.

இவ்வறியாமை வேறோர் ஊரிலாயிற் பெரிதும் பொருட்படுத்தற்பாலதன்று. ஆனால், குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத் தூரத்தில் நெடுந்தீவு இருக்கிறது. அத்தீவின் தென்பாற் புல்வெளிகளில் நூற்றுக்கணக்கான மட்டக்குதிரைகள் கட்டுக்காவலின்றித் திரிகின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே குதிரை வளர்ப்புத் தொடங்கிற்று என்பர். பின்வந்த ஒல்லாந்தர் அதனை விரிவாக நடத்தினர். தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவுக்கு 'டெல்ப்ற்' எனப் பெயரிட்டவரும் அவரே. குதிரை லாயத்தின் தூண்கள் இடிபாடுகளாய் இன்றும் நிற்கின்றன. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரி அத்தொழிலை மேற்பார்த்தார். பின்னர் அது கைவிடப்பட்டது. ஆண்டவர் போயினர், குதிரை பழக்குவோரும் போயினர், குதிரைகள் மாத்திரம் எஞ்சின.

மாரி பெய்யுங் காலத்தில் இக்குதிரைகளைப் பார்ப்பது கண்ணுக்கு இனிமை. ஆனால், சோளகக் காற்று வீசி, நிலங் காய்ந்து, குளங்குட்டைகள் வற்றும் மாதங்களில் அவற்றின் நிலை வேறு. நெடுந்தீவு முருகைக் கல்லின்மேற் படிந்த மெல்லிய மண்ணையுடையது. நன்னீர் அங்கே மனிதர்க்கே அரிது. அண்மைக் காலத்துக் கடும் வறட்சிகளில் நீரின்றியும் புல்லின்றியும் குதிரைகள் மடிந்த செய்தி பத்திரிகைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்ததுண்டு. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், அறிவித்தற் பலகை தாகந் தீர்க்காது. அச்செய்திகளைக் கண்ட நாமும் ஐயோ என்று இரங்கினோம், இரங்கியதோடு அமைந்தோம்.

நம்மிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. அறிவுக்கே குறைவு என்பதே எமது கருத்து. குதிரையின் வயிறு நுட்பமானது; அதற்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை. பலநாட் பட்டினியால் மெலிந்த குதிரைக்கு ஒருவர் மனமிளகித் தானியத்தை ஒரே முறையில் அள்ளிக் கொடுப்பாராயின், அக்கொடையே அதன் உயிருக்கு உலையாகவுங் கூடும். சிறிது சிறிதாகப் புல்லும் நீருமே முதலிற் கொடுத்தல் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் குதிரைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லீற்றர் நீர் வேண்டும். வெயிற்காலத்தில் இன்னும் மிகுதியாக வேண்டும். இவற்றை அறியாதவனுடைய அன்பு, நீந்தத் தெரியாதவன் நீரில் வீழ்ந்தவனைக் காக்கக் குதித்தது போன்றதாம்.

இக்குறை இன்று நேற்று வந்ததன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்கினர் எனவும், ஆண்டு முடிவில் அவற்றுட் சிலவே உயிர் எஞ்சின எனவும் எழுதிவைத்துள்ளார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவரும் லாடமடிப்பவரும் இல்லாமையே அதற்குக் காரணம் என்பதும், குதிரை விற்ற வணிகர் அத்தகையோரை அங்கே போகவிடாது தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. அக்காலத்தவரான வசாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்கிறார். இங்கே குதிரைக்குக் கொடுக்கப்பட்ட தகாத உணவைப் பற்றியும் அவர் எழுதினார். கப்பல் கப்பலாகப் பொன் போயிற்று. கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. குதிரையறிவு மாத்திரம் வரவில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. ஆகவே ஏட்டிலே அறிவு இருந்தது; லாயத்திலே அறிந்தவன் இருந்தானல்லன். ஏட்டறிவு கையறிவாகாத இடத்தில் எவ்வளவு செல்வமும் வீணாகும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிற்க. கையறிவு வருவதற்கு வழி யாது? மேனாடுகளிற் குதிரைக் கலையில் முதிர்ந்தோர் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கி, ஆர்வலரையும் அவர்தம் குதிரைகளையும் ஒருங்கே வைத்துப் பயிற்றுவிக்கும் முகாம்கள் நெடுங்காலமாக நடைபெறுகின்றன. அமெரிக்காவில் ரொம் டொரன்ஸ், அவர் வழிவந்த ரே ஹண்ட் முதலியோர், முரட்டுத்தனத்தாற் குதிரையை அடக்கும் பழைய முறையை விலக்கி, அதன் இயல்பறிந்து பழக்கும் முறையை இத்தகைய முகாம்கள் வாயிலாகவே பரப்பினர். கிரேக்க அறிஞர் செனபன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரைப் பயிற்சியிற் சினத்துக்கு இடமில்லை என வற்புறுத்தியவர். ஆதலின் இது புதிய கொள்கையுமன்று.

அம்முகாமிற் கற்பிப்பன யாவை? முதற் பாடம் ஏறுதலன்று, பார்த்தல். குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தைச் சேர்ந்தது. ஓடித் தப்புதலே அதன் முதற் காப்பு. கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலின் ஏறத்தாழச் சுற்றெங்கும் அது காணும். ஆனால் நேர்பின்னும், நெற்றிக்கு நேர்முன் அண்மையிலும் காணாது. ஆகையாற் பின்புறமாகச் செல்வோன் உதைபடுவான். தோட்பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு செல்வோனை அது ஏற்கும். இரண்டாம் பாடம் கயிற்றைப் பற்றியது. கயிற்றை மெல்ல இழுத்து, குதிரை ஓரடி இசைந்து வந்த அக்கணமே தளர்த்துதல் வேண்டும். இழுப்பிலன்று, தளர்ப்பிலேயே குதிரை கற்கிறது. தளர்த்தும் நேரத்தை அறியாதவன் எத்துணை வலியனாயினும் குதிரைக்கு ஒன்றையும் கற்பிக்கமாட்டான். இதனைப் புத்தகத்திற் படித்தறிதல் அரிது. அறிந்த ஒருவர் அருகில் நின்று, 'இப்போது விடு' என்று சொல்லக் கேட்டே கை பழகவேண்டும். பின்னரே குளம்பு திருத்தல், பல் பார்த்தல், காயத்துக்கு மருந்திடல், கடிவாளமிடல், சேணம் பூட்டல் என்பன வரும். ஏறுதல் இறுதியிலேயே வரும். அதற்கும் வரம்புண்டு. மூன்று நான்கு வயது நிரம்பாத குதிரையின்மேல் ஏறலாகாது. தன் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட சுமையைக் குதிரைமேல் ஏற்றுதல் தகாது என்பர் அறிந்தோர். நெடுந்தீவின் சிறிய மட்டக்குதிரைக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்பின், வளர்ந்த மனிதர் பலர் அதன்மேல் ஏறுதற்கு உரியரல்லர் என்பது விளங்கும்.

இஃதெல்லாம் உரும்பிராய் மக்களுக்கு முற்றிலும் புதியதன்று. செம்மண் நிலத்தில் உழுது வாழ்ந்த நம் முன்னோர் நாம்பனைப் பழக்கியவாறு எவ்வாறு? பழகிய எருதோடு இளைய நாம்பனை இணைத்து நுகத்திற் பூட்டி, நாணயக் கயிற்றின் இழுப்பையும் விடுப்பையும் அளந்து, நாட்கணக்கில் உடனடந்து பழக்கினர். மாட்டுவண்டிச் சவாரியில் வெல்லும் சோடியை உருவாக்கிய கமக்காரன் எந்நூலையுங் கற்றானல்லன். தன் தந்தையின் பின்னே நடந்து கற்றான். அடியும் குத்துமின்றி ஓடவைப்பவனே மெய்யான சவாரிக்காரன் என்பதையும் அவர்களுட் சிறந்தோர் அறிந்திருந்தனர். உழவு இயந்திரம் வந்தபின் அவ்வறிவு நம் கண்முன்னே தேய்ந்து வருகிறது. குதிரை பழக்கும் அறிவு முன்னே போயிற்று. எருது பழக்கும் அறிவு பின்னே போகிறது.

பிற நாட்டார் இத்தகைய நிலையில் என் செய்தனர் என்பதும் நோக்கற்பாலது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துக் கரையோரத் தீவில் நம் நெடுந்தீவுக் குதிரை போன்ற மட்டக்குதிரைகள் உள. அயலிலுள்ள சிங்கொட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையினரே அவற்றிற் பெரும் மந்தையொன்றுக்கு உரிமையாளர். ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அவற்றைக் கால்வாய் கடந்து நீந்தச்செய்து, குட்டிகளிற் பலவற்றை ஏலத்தில் விற்று, வரும் பணத்தை மந்தையின் மருத்துவத்துக்கும் தம் பணிக்கும் செலவிடுகின்றனர். மேய்ச்சல் நிலந் தாங்கும் அளவான 150 குதிரைகளுக்கு மேற்படாதவாறு மந்தை காக்கப்படுகிறது. தென் இங்கிலாந்தின் நியூ பொறெஸ்ற் காட்டிலும் இலையுதிர்காலத்தில் மட்டக்குதிரைகளைத் திரட்டி, உடல்நிலை பார்த்து, வாலின் மயிரைக் கத்தரித்து அடையாளமிட்டு விடுவர். தொலைவே போகவேண்டுவதில்லை; மன்னாரில் கேட்பாரற்றுத் திரிந்த கழுதைகளுக்கென 'பிறிட்ஜிங் லங்கா' என்னும் நிறுவனம் மருத்துவமும் கல்வியுஞ் சேர்ந்த நிலையமொன்றை அமைத்தது. இவ்விடங்களில் எல்லாம் விலங்கைக் காத்தது வேலியன்று. விலங்கை அறிந்த ஊரவரே.

ஆதலின் நாம் வேண்டுவது இது. மாரி ஓய்ந்து புல் செழித்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களில், ஆண்டுக்கொரு முறை பத்து நாட் பயிற்சி முகாமொன்று நெடுந்தீவில் நடைபெறுதல் வேண்டும். பயிற்றுவோர் முதிர்ந்த குதிரை வல்லுநராய் இருத்தல் வேண்டும். கொழும்பிலே பொலிஸ் குதிரைப் பிரிவு உண்டு. பேராதனையிலே கால்நடை மருத்துவ பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உண்டு. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் அந்நாட்டு வல்லுநரை அழைத்து வரவும் வல்லர். பயில்வோருள் முதலிடம் நெடுந்தீவு இளைஞர்க்கும் யுவதிகளுக்குமே உரியது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கயிறும் வீசப்படலாகாது. முதலாண்டுகளில் ஏறுதல் வேண்டாம். அணுகல், நீரூட்டல், காயம் பார்த்தல், எண்ணிப் பதிதல் என்பனவே போதும். முகாமிற் பயின்ற இருபது பேர் ஆடி, ஆவணி மாதங்களில் முறைவைத்துக் கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் கவனிப்பாராயின், அடுத்த வறட்சி வேறுவிதமாக முடியும்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். குதிரையேற்றம் செல்வர் விளையாட்டு, நம் கல்லூரிக்கு வேண்டியன விஞ்ஞான கூடமும் நூலகமும் என்பர் சிலர். அவை வேண்டியனவே, அவற்றினின்று ஒரு சதத்தையும் எடுக்க நாம் சொல்லவில்லை. ஆனால் செல்வர் வாங்கிக் கட்டிய குதிரையைப் பற்றியன்று எமது பேச்சு. ஏழைத் தீவொன்றிற் பொதுவுடைமையாய்த் திரியுங் குதிரையைப் பற்றியது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் விழாவிற் குதிரைத் தாண்டற் போட்டியில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்ட மத்தில்டா கார்ல்சன் இந்நாட்டிற் பிறந்து சுவீடன் நாட்டுக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். இக்கலையில் இந்நாட்டின் சார்பில் ஒலிம்பிக் புகுந்த முதல்வர் அவரே. பிறப்பு இங்கே, பயிற்சி அங்கே என்பதை நம் மாணவர் எண்ணிப்பார்ப்பாராக.

சுயேச்சையாய்த் திரிவனவற்றை ஏன் பழக்கவேண்டும் என்பர் வேறு சிலர். இவ்வினாவை நாம் மதிக்கிறோம். எல்லாவற்றையும் பழக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. மனிதன் கொண்டுவந்து, மனிதன் பயன்கொண்டு, மனிதனே கடல்சூழ்ந்த சிறு நிலத்திற் கைவிட்ட உயிர் அது. தப்பி ஓட அதற்கு வேறு நிலமில்லை. அதனைச் சுயேச்சை என்று சொல்லி நாம் வாளாவிருத்தல் பொறுப்பைத் தட்டிக்கழித்தலேயாகும். இன்னுஞ் சிலர், பயிற்சி என்ற பெயரால் உல்லாசப் பயணிகளைச் சுமக்கும் கூலிவிலங்காக அவை ஆகிவிடுமென அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதனாலேதான் அறிந்தோர் கையில் இது தொடங்கவேண்டும் என்கிறோம். ஆசை முந்திப் பயிற்சி பிந்துமாயின், மூன்று வயதுக் குட்டியின் முதுகில் முழுமனிதன் ஏறும் நாள் தொலைவிலில்லை.

கல்லூரிகளின் விழாக்காலம் சென்றவற்றைப் போற்றுதற்கு மாத்திரம் உரியதன்று. கட்டடமும் கதிரையும் கொடுத்த பழைய மாணவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஒரு கலையைக் கொடுப்போர் இனி வருவாராக. கல்வி என்பது எழுத்தும் எண்ணும் மாத்திரமன்று. வாயில்லா உயிரொன்றின் கண்ணையும் காதையும் படித்தறிதலுங் கல்வியே. அடுத்த ஆடியில் நெடுந்தீவுக் கிணறுகள் வற்றும். அப்பொழுது இரங்குவோர் நம்மிற் பலர் இருப்பர். நீரோடு சென்று, தோட்பக்கமாக அணுகி, செய்யவேண்டியதை அறிந்து செய்வோர் இருபது பேரை அதற்குள் நாம் ஆக்கித் தரவேண்டும்.